ஆறு இடம் மாறினால் எல்லை எங்கே? ஆற்றங்கரை மாநிலங்களின் எல்லைத் தகராறைத் தீர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒமாஹா என்றொரு நகரம் இருக்கிறது. ஊர் நடுவிலிருந்து விமான நிலையத்துக்குக் காரில் போகிறவர்கள், வழியில் சில நிமிடம் அயோவா என்ற வேறு மாநிலத்துக்குள் நுழைந்து வெளியே வருகிறார்கள். இரண்டு மாநிலத்துக்கும் நடுவே ஓடும் மிசௌரி ஆற்றை அவர்கள் தாண்டவே இல்லை. அயோவாவின் மற்ற ஊர்களெல்லாம் ஆற்றுக்குக் கிழக்கே இருக்க, கார்ட்டர் லேக் என்ற இந்தச் சிற்றூர் மட்டும் மேற்கே இருக்கிறது. ஊர் இடம் மாறவில்லை. 1877-ல் ஆறுதான், தன் பெரிய வளைவு ஒன்றின் கழுத்தை அறுத்துக்கொண்டு நேராக ஓட ஆரம்பித்தது. பழைய வளைவு குளமாகத் தேங்கிவிட்டது. அதற்கப்புறம் பதினைந்து ஆண்டு வழக்கும் வாதமுமாக ஓடி, 1892-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நிலம் அயோவாவுடையதே என்றது.

ஆற்றை எல்லையாக வைத்துக்கொண்ட எந்த இரண்டு மாநிலத்துக்கும் இது நடக்கலாம். ஹரியானாவுக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் நடுவே யமுனையில் நடந்தது. பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் நடுவே கங்கையிலும் காக்ராவிலும் நடந்தது. வரைபடத்தில் நீலக் கோடு அழகாக, அசையாமல் இருக்கும். நிலத்திலோ அது ஒவ்வொரு வெள்ளத்துக்கும் புரண்டு படுக்கும். அதன் இரு கரையிலும் உழுகிறவர்கள்தான் அந்தப் புரளலின் விலையைக் கொடுக்கிறார்கள். நிர்வாகத்தில் இருப்பவர்கள், சட்டம் படிப்பவர்கள், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், ஆற்றுப் படுகையில் நிலம் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் பயன்படும்படி, இந்த மாதிரித் தகராறைத் தீர்க்கும் வேலையை முதலிலிருந்து கடைசிவரை இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. நம் ஊரில் “ஆற்றுத் தகராறு” என்றாலே காவிரித் தண்ணீர்தான் மனதில் வரும். தண்ணீரைப் பங்கிடுவது வேறு, எல்லையை வரையறுப்பது வேறு. இந்திய அரசியல் சட்டத்தில் தண்ணீர்ப் பங்கீட்டுக்கு 262-ஆவது பிரிவும் நடுவர் மன்றங்களும் இருக்கின்றன. எல்லைக்கு அந்த வழி கிடையாது. ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். காவிரி சிறிது தூரம் தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் எல்லையாகவே ஓடுகிறது. 2008-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எழுந்தபோது, அந்த இடத்தின் எல்லை யாருடையது என்ற பேச்சும் கூடவே கிளம்பியது. ஆகவே முதல் நாளே இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு போடுங்கள். ஒரே மேசையில் இரண்டையும் பேசினால் இரண்டும் முடியாது.

படி 1: முதலில் அறுவடையைக் காப்பாற்றுங்கள்

எல்லை வரைய ஆண்டுகள் ஆகும். கோதுமையும் கரும்பும் காத்திருக்காது. வட இந்தியப் படுகைகளில் கைகலப்பும் துப்பாக்கிச் சூடும் பெரும்பாலும் விதைப்பிலும் அறுவடையிலும்தான் நடக்கின்றன. “நான் விதைத்தேன்” என்று ஒருவர், “நிலம் என்னுடையது” என்று இன்னொருவர். அதனால் தகராறு தலைதூக்கியதுமே இரு பக்கத்து மாவட்ட ஆட்சியர்களும் காவல் கண்காணிப்பாளர்களும் ஒரே நாளில், ஒரே இடத்தில் உட்கார்ந்து ஓர் இடைக்கால ஏற்பாட்டை எழுத்தில் போட வேண்டும்.

அதில் இருக்க வேண்டியவை: இந்தப் பருவத்தில் எந்த வயலில் யார் விதைத்தார்கள் என்ற பட்டியல். விதைத்தவரே அறுக்கலாம் என்ற அனுமதி. இந்த அறுவடை எல்லைக்கோ உரிமைக்கோ சான்றாகாது என்ற வாசகம். இந்தக் கடைசி வாசகம் மிக முக்கியம். அது இல்லாவிட்டால், விட்டுக்கொடுத்தால் நாளை நீதிமன்றத்தில் தங்களுக்கே எதிராகப் போகுமோ என்று பயந்து இரு தரப்பும் பிடிவாதம் பிடிப்பார்கள். புதிதாக மணல் அள்ளக் குத்தகை விடுவதையும் இந்த ஏற்பாட்டிலேயே நிறுத்திவையுங்கள். மணல் லாரி வந்துவிட்டால் நில அளவைக்கு அடையாளமே மிஞ்சாது.

படி 2: பழைய காகிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது?

“ஆறுதான் எல்லை” என்று எல்லோரும் சொல்வார்கள். ஆற்றின் எந்தப் பகுதி? அதுதான் கேள்வி. ஆற்றுக்கு இரண்டு கரை இருக்கிறது, நடு இருக்கிறது, படகு போகிற ஆழமான நீரோட்டம் இருக்கிறது. இந்த நான்குக்கும் நடுவே பல கிராமங்கள் அடங்கிவிடும்.

எல்லையை முதன்முதலில் உருவாக்கிய ஆவணத்தைத் தேடி எடுங்கள். அது ஒரு சட்டமாக இருக்கலாம், உடன்படிக்கையாக இருக்கலாம், ஓர் அரசரின் ஆணையாகக்கூட இருக்கலாம். அமெரிக்காவில் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களுக்கு நடுவே கனெக்டிகட் ஆறு ஓடுகிறது. வெர்மான்ட் 1915-ல் தொடுத்த வழக்கு 1933-ல் முடிந்தபோது, தீர்ப்பு நின்றது இங்கிலாந்து அரசர் 1764-ல் போட்ட ஓர் ஆணையின் மேல். மேற்குக் கரைதான் எல்லை என்று அதில் இருந்தது. ஆகவே மேற்குக் கரையில், நீர் குறைந்திருக்கும் காலத்துக் கோடு எல்லையாகி, ஆறு முழுவதும் நியூ ஹாம்ப்ஷயருக்குப் போனது. டெக்சாஸ், ஓக்லஹோமா கதையும் அப்படித்தான். அங்கே ரெட் ஆற்றின் தென்கரை எல்லை. அதன் வேர் 1819-ல் அமெரிக்காவும் ஸ்பெயினும் செய்த உடன்படிக்கையில் இருக்கிறது.

“ஆழமான நீரோட்டம்” என்றோ “முதன்மைக் கால்வாயின் நடு” என்றோ இருந்தால் வேலை இன்னும் கூடும். ஆப்பிரிக்காவில் சோபே ஆறு ஒரு திட்டைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து ஓடுகிறது. போட்ஸ்வானா அந்தத் திட்டை செடுடு என்கிறது, நமீபியா கசிகிலி என்கிறது. 1890-ல் பிரிட்டனும் ஜெர்மனியும் செய்த ஒப்பந்தம் முதன்மைக் கால்வாயின் நடுவே எல்லை என்றுவிட்டுப் போய்விட்டது. இரண்டு கிளையில் எது முதன்மை? சர்வதேச நீதிமன்றம் ஆழம், அகலம், நீரின் அளவு, படகு போகும் வசதி என எல்லாவற்றையும் பார்த்தது. வடக்குக் கிளையின் சராசரி ஆழம் 5.70 மீட்டர், தெற்கில் 2.13 மீட்டர். 1999-ல் வடக்குக் கிளையே எல்லை என்றானது, திட்டு போட்ஸ்வானாவுக்குப் போனது. இரு நாட்டுப் படகுகளும் இரண்டு கிளையிலும் சமமாகப் போய்வரலாம் என்பதையும் நீதிமன்றம் சேர்த்தே சொன்னது. எல்லைக் கோட்டோடு நிறுத்தாமல் படகோட்டியையும் நினைத்துப் பார்த்த தீர்ப்பு என்பதால் எனக்கு இதன்மேல் தனி மதிப்பு.

ஆற்றின் நடுவே இருக்கும் திட்டுகளைப் பற்றி ஆவணம் தனியாக ஏதாவது சொல்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா, தென் கரோலினா மாநிலங்களுக்கு நடுவே 1787-ல் நடந்த பியூஃபோர்ட் உடன்படிக்கை, சவானா ஆற்றுத் தீவுகளை ஜார்ஜியாவுக்கு ஒதுக்கியது. அதற்கப்புறம் தோன்றிய தீவுகளுக்கும் இது பொருந்துமா என்ற கேள்வி 1990 வரை வந்து, பொருந்தாது என்று முடிந்தது. ஆவணத்தின் தேதியில் எந்தத் திட்டு இருந்தது, எது இல்லை என்று பட்டியல் போடாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 3: ஆறு எப்படி நகர்ந்தது?

முழு விவகாரத்தின் மையம் இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

ஆறு இரண்டு விதமாக இடம் மாறும். ஒரு கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, எதிர்க்கரையில் வண்டலைப் படியவைத்து, கண்ணுக்குத் தெரியாமல் நகர்வது ஒன்று. ஒரே வெள்ளத்தில் வளைவை அறுத்துக்கொண்டு, நிலத்தை அப்படியே முழுசாக விட்டுவிட்டுப் புதுப் பாதையில் பாய்வது இன்னொன்று. முதலாவதில் எல்லையும் ஆற்றோடு சேர்ந்தே நகரும். இரண்டாவதில் எல்லை பழைய தடத்திலேயே நின்றுவிடும், அங்கே இப்போது சொட்டுத் தண்ணீர் இல்லாவிட்டாலும்.

ஏன் இந்த வேறுபாடு? படிந்த வண்டல் யாருடைய வயலிலிருந்து வந்த மண் என்று எவராலும் சொல்ல முடியாது. அதனால் அது ஒட்டிய கரைக்கே சேர்கிறது. ஆறு தாவிப்போகும்போதோ நிலம், மரம், வீடு, வரப்பு எல்லாம் அடையாளத்தோடு அப்படியே இருக்கின்றன. நேற்றுவரை ஒரு மாநிலத்தில் வாழ்ந்த ஊர், ராத்திரி வந்த வெள்ளத்தால் வேறு மாநிலமாகிவிடும் என்பதை ஏற்க முடியாது. இது மேற்கத்தியச் சட்டத்தில் மட்டும் இருக்கும் விதி என்று நினைத்துவிட வேண்டாம். 1825-ல் வங்காளத்தில் வந்த 11-ஆவது ஒழுங்குமுறைச் சட்டம் இதையேதான் சொல்கிறது. மெல்லச் சேர்ந்த மண் ஒட்டிய நிலத்துக்குச் சேரும். ஆறு திடீரெனத் திசை மாறி அறுத்தெடுத்த நிலம், அடையாளம் காண முடிகிறவரை பழைய உரிமையாளருக்கே. இதைத் தவிர அந்தந்தப் பகுதியின் வழக்கமும் உண்டு. கங்கைச் சமவெளியில் “தார் துரா” என்பார்கள். ஆழமான ஓட்டம் எங்கே போகிறதோ அதுவே எல்லை என்ற வழக்கம் அது. இப்படி ஒரு வழக்கம் அந்த இடத்தில் இருந்ததா என்று தனியாக விசாரிக்க வேண்டும். இருந்தால் மேலே சொன்ன பொது விதி மாறும்.

ஆறு வேகமாக அரித்தாலே அது தாவல் என்று பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். மிசௌரி ஆறு கரையை மளமளவென்று விழுங்கும், மரத்தோடு மண் சரியும். ஆனாலும் எதிர்க்கரையில் மண் படிவது மெல்லத்தான் நடக்கிறது. எனவே அது படிவு நகர்வுதான் என்று 1892 தீர்ப்பு தெளிவாகவே சொன்னது. நடுவில் நிலம் முழுசாக மிஞ்சியதா? இதுதான் சோதனை. மிஞ்சியிருந்தால் தாவல்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நான்கு வழிகளைச் சேர்த்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம்.

பழைய கிராம நில அளவை வரைபடங்களை எடுத்து, இன்றும் நிற்கும் அடையாளங்களோடு பொருத்துங்கள். கோயில், மசூதி, பழைய கிணறு, மூன்று கிராமங்கள் கூடும் முச்சந்திக் கல் போன்றவை நம்பகமானவை. மரமும் வரப்பும் நம்பகமில்லை.

வானிலிருந்து எடுத்த படங்களைத் தேடுங்கள். 1972 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் கிடைக்கின்றன. அதற்கும் முந்தைய 1960-களுக்கு, அமெரிக்கா எடுத்துப் பின்னாளில் வெளியிட்ட கொரோனா உளவுப் படங்கள் உதவும். வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படம் கிடைத்துவிட்டால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

மண்ணைத் தோண்டிப் பாருங்கள். அறுத்துக்கொண்டு போன ஆறு விட்டுச்சென்ற நிலத்தில் பழைய மேல்மண் கலையாமல் இருக்கும். படிந்த நிலத்தில் மணலும் வண்டலும் அடுக்கடுக்காகத் தெரியும். அங்கே நிற்கும் முதிர்ந்த மரம் ஆறு இடம்மாறிய ஆண்டைவிட வயதில் மூத்ததாக இருந்தால், அந்த நிலத்தை ஆறு விழுங்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. மரத்தின் வளையங்களை எண்ணி வயது சொல்ல முடியும்.

நான்காவதாக ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். இரு கரையிலும் கேளுங்கள், தனித்தனியாகக் கேளுங்கள். ஆண்டு கேட்டால் தடுமாறுவார்கள். “உங்கள் மூத்த பெண் பிறப்பதற்கு முன்பா, பின்பா?” என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

ஒரே ஆற்றில், ஒரே எல்லையில், இரண்டு மைலுக்கு ஒரு கதை இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். மேலே மெல்ல நகர்ந்திருக்கும், கீழே தாவியிருக்கும். மிசிசிப்பி ஆறு 1876-ல் தாவியதால் டென்னசி மாநிலத்தின் ரெவெரி என்ற சிற்றூர் ஆர்கன்சா பக்கக் கரையில் மாட்டிக்கொண்டது. இல்லினாய் மாநிலத்தின் முதல் தலைநகரமாக இருந்த கஸ்காஸ்கியா 1881-ல் அதே ஆற்றால் மிசௌரி மாநிலப் பக்கம் தள்ளப்பட்டது. இரண்டும் இன்றுவரை பழைய மாநிலத்திலேயே இருக்கின்றன. அதனால் எல்லை முழுவதற்கும் ஒரே முடிவைப் போடாமல், துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி முடிவு எழுதுங்கள்.

படி 4: இதுவரை அங்கே ஆண்டது யார்?

ஆவணமும் ஆற்றின் வரலாறும் ஒன்றைச் சொன்னாலும், நீண்ட கால ஆட்சி அதை மாற்றிவிடலாம். சவானா ஆற்றின் பார்ன்வெல் தீவுகள் 1787 உடன்படிக்கைப்படி ஜார்ஜியாவுக்குப் போயிருக்க வேண்டியவை. ஆனால் அங்கே வரி வசூலித்ததும் குற்ற வழக்கு நடத்தியதும் தென் கரோலினா. ஜார்ஜியா அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தது. அந்த மௌனத்தாலேயே 1990-ல் தீவுகள் தென் கரோலினாவுக்குப் போயின.

எனவே நில வரி ரசீது, வாக்காளர் பட்டியல், காவல் நிலையப் பதிவு, பள்ளிக்கூடம், மின் இணைப்பு, ரேஷன் கடை என எல்லாவற்றையும் திரட்டுங்கள். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. கசிகிலி வழக்கில் நமீபியப் பக்கத்து மசுபியா மக்கள் அந்தத் திட்டில் பல காலம் உழுதார்கள் என்று வாதாடப்பட்டது. அவர்கள் உழுதது அரசின் சார்பில் அல்ல என்று சொல்லி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மக்கள் உழுதது மக்களின் உரிமைக்குச் சான்று. அரசின் எல்லைக்கு அரசு செய்த காரியம்தான் சான்று. இந்த இரண்டையும் வேறு வேறு பெட்டியில் போட்டு வையுங்கள். ஆறாவது படியில் தேவைப்படும்.

படி 5: இரு தரப்பும் சேர்ந்து அளப்பது

தனித்தனியாக அளந்துவிட்டு வந்து ஒப்பிடும் வேலை வேண்டாம். நான் கண்டவரை சண்டை அங்கேதான் பெருக்கிறது. இரு மாநில நில அளவையாளர்களும் ஒரே குழுவாக, ஒரே கருவியோடு இறங்க வேண்டும். இந்திய நில அளவைத் துறையைப் போன்ற நடுநிலை அமைப்பு ஒன்று கூட இருப்பது நல்லது. இடத்தை எண்களால் குறிக்க எந்த ஆயத்தொலை முறை, உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு அலுவலகமும் இரண்டு அடிப்படையில் அளந்தால், ஒரே கல் இரண்டு இடத்தில் நிற்பதாகத் தெரியும்.

காலம் முக்கியம். மழை முடிந்து நீர் வடிந்த பிறகு ஒருமுறை, கோடையில் நீர் மிகக் குறைந்தபோது ஒருமுறை. எல்லை ஆழமான ஓட்டம் என்றால், படகில் போய் நீருக்கடியில் ஆழத்தையும் அளக்க வேண்டும். கரைதான் எல்லை என்றால், கரை எது என்பதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். ரெட் ஆற்றில் 1923-ல் நீதிமன்றம் சொன்ன கோடு, நீர் கரையைத் தழுவிக்கொண்டு, அதே சமயம் கரைபுரளாமல் ஓடும்போதுள்ள சராசரி மட்டம். பொறியாளருக்கு அது சரியான வரையறை. ரோந்து போகும் காவலருக்கோ மாடு மேய்ப்பவருக்கோ கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கடைசியில் 2000-ல் நாடாளுமன்ற ஒப்புதல் பெற்ற ஒப்பந்தத்தில், தென்கரையில் புல்லும் செடியும் தொடர்ச்சியாகத் தொடங்கும் கோடே எல்லை என்று இரு மாநிலமும் மாற்றிக்கொண்டன. எவரும் அங்கே நின்று, “இங்கிருந்து டெக்சாஸ்” என்று கைநீட்டிக் காட்டலாம். எல்லைக் கோட்டை அதனருகே வாழ்கிறவர் தன் கண்ணால் அறிய முடிய வேண்டும் என்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன்.

அடுத்து, ஆற்றோடு நகரும் கோடு வேண்டுமா, அசையாத கோடு வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டும். நகரும் கோட்டில் இரு மாநிலத்துக்கும் எப்போதும் தண்ணீர் எட்டும், மீனவருக்கும் படகுக்கும் நல்லது. படுகையில் உழவு நடக்கும் இடத்தில் அது தீராத வேதனை. யமுனையில் ஆழமான ஓட்டமே எல்லை என்று இருந்தவரை, ஒவ்வொரு மழைக்கும் பிறகு கிராமங்களின் நிலம் மாநிலம் மாறியது. அதனால்தான் நடுவராக இருந்த உமா சங்கர் தீட்சித் 1975-ல் கொடுத்த தீர்ப்பு ஒரு நிலையான கோட்டைப் போட்டது, 1979-ல் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. கங்கையிலும் காக்ராவிலும் நடுவர் சி. எம். திரிவேதி 1964-ல் அதே வழியைக் காட்டினார், 1968-ல் சட்டம் வந்தது. உழவு இருக்கும் ஆற்றில் அசையாத கோடு, படகு மட்டும் போகும் ஆற்றில் நகரும் கோடு. என் கருத்து இதுதான்.

படி 6: கோடு வேறு, பட்டா வேறு

பெரும்பாலான தீர்வுகள் கெட்டுப்போவது இங்கேதான். எல்லை இந்தப் பக்கம் வந்துவிட்டது, சரி. அந்தப் பக்கத்து மாநிலத்தில் பதிவான என் நிலத்தின் கதி என்ன? அதன்மேல் வாங்கிய கடன்? பாதி நடந்த பாகப் பிரிவினை வழக்கு? இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதாத எந்த எல்லை ஒப்பந்தமும் முழுமையானதல்ல.

அயோவாவும் நெப்ராஸ்காவும் இதை 1943-ல் மிக நன்றாகவே எழுதின. மிசௌரி ஆற்றைப் பொறியாளர்கள் கட்டி நிலைநிறுத்திய கால்வாயின் நடுக்கோட்டை எல்லையாக வைத்தன. கார்ட்டர் லேக் மட்டும் பழையபடி அயோவாவில் இருக்கும் என்றன. அதோடு, ஒரு மாநிலத்தில் செல்லும் நில உரிமையும் அடமானமும் அடுத்த மாநிலத்திலும் செல்லும் என்று சேர்த்தன. அந்த ஒரு வாசகத்தின் அருமை இருபது ஆண்டு கழித்துத் தெரிந்தது. நெப்ராஸ்கா சட்டத்தில் ஆற்றின் அடித்தளம் கரை நிலக்காரருக்குச் சொந்தம். அயோவாவில் அது அரசுக்குச் சொந்தம். 1960-களில் அயோவா, ஆறு விட்டுச்சென்ற தடம் என்று சொல்லி, மக்கள் உழுதுகொண்டிருந்த சுமார் முப்பது இடங்களைக் கேட்கத் தொடங்கியது. நெப்ராஸ்கா வழக்குப் போட்டது. 1972-ல் உச்ச நீதிமன்றம், நெப்ராஸ்காவில் செல்லும் உரிமையை அயோவா மதித்தே ஆக வேண்டும் என்று அந்த ஒப்பந்தத்தையே காட்டியது. ஒப்பந்தத்தில் அந்தச் சில வரிகள் இல்லாதிருந்தால் அந்தக் குடும்பங்கள் நிலத்தை இழந்திருக்கும்.

உங்கள் ஒப்பந்தத்தில் இவற்றைத் தவறாமல் சேருங்கள்: எல்லை மாறினாலும் தனியார் உரிமை மாறாது. பட்டா, அடங்கல், பத்திரப் பதிவு நகல்கள் எல்லாம் இத்தனை மாதத்துக்குள் புதிய மாநிலத்துக்குக் கைமாற வேண்டும். அதுவரை பழைய பதிவே செல்லும். குத்தகைதாரருக்கும் வாரத்துக்கு உழுகிறவருக்கும் எந்த மாநிலச் சட்டம் சாதகமோ அதுவே பொருந்தும். பழைய மாநிலத்தில் போட்ட வழக்கு அங்கேயே முடியலாம். கடனும் பயிர்க் காப்பீடும் அறுந்துபோகாது. மொழி வேறாக இருந்தால் பதிவேட்டை இரண்டு மொழியிலும் வைக்க வேண்டும். படுகை நிலத்தில் பலருக்குக் காகிதமே இருக்காது. நாலாவது படியில் “மக்கள் உழுதது” என்று தனியாக எடுத்து வைத்த பெட்டியை இப்போது திறந்து, இரு தரப்பு அதிகாரிகளும் சேர்ந்து ஊர்க்கூட்டத்தில் வைத்து அவர்களின் பெயரை எழுத வேண்டும். எழுத்தறியாத ஒரு விதவையின் ஒன்றரை ஏக்கர் விட்டுப்போனால், அவர் எந்த மாநிலத்துக்கு மனு கொடுப்பார்?

படி 7: சட்ட வடிவம்

அமெரிக்காவில் இரு சட்டமன்றமும் ஒப்பந்தத்தை நிறைவேற்றி நாடாளுமன்ற ஒப்புதல் வாங்கலாம், அல்லது நேராக உச்ச நீதிமன்றம் போகலாம். இந்தியாவில் இருக்கும் கோட்டை அப்படியே நிலத்தில் அடையாளம் காட்டுவது மட்டும்தான் வேலை என்றால், இரு அரசுகளின் உடன்பாடும் அளவையும் போதும். நிலம் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது என்றால், அரசியல் சட்டத்தின் 3-ஆவது பிரிவின் கீழ் நாடாளுமன்றச் சட்டம் கட்டாயம். சட்டமன்றங்களின் கருத்தைக் கேட்பார்கள், ஆனால் அது நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. உடன்பாடே வராவிட்டால் 131-ஆவது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு.

வழக்கைக் கடைசி வழியாகவே வையுங்கள். அசாம் நாகாலாந்து மீது 1988-ல் போட்ட எல்லை வழக்கு தலைமுறை கடந்து இழுத்தது. அதைவிட, இரு முதல்வர்களும் ஏற்கும் ஒருவரை நடுவராக வைத்து, அவர் சொல்வதை ஏற்போம் என்று முன்னதாகவே எழுதிக்கொடுத்து, தீர்ப்பு வந்ததும் சட்டமாக்குவது வேகமானது. தீட்சித்தும் திரிவேதியும் அப்படித்தான். ஆற்று எல்லை இல்லாவிட்டாலும், நமக்கே நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. எச். வி. படாஸ்கரின் பரிந்துரைப்படி 1959-ல் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. கிராமத்தை அலகாக வைத்துக்கொண்டது அவர் முறையின் பலம். ஆற்றங்கரையிலும் ஒரு கிராமத்தை நடுவில் வெட்டாமல் இருக்க முடிந்தவரை பாருங்கள்.

படி 8: கல் நடுவதும், நட்ட கல்லைக் காப்பதும்

யமுனையில் சட்டம் வந்தது, கோடு வந்தது. ஆனால் தூண்கள் பல காணாமல் போயின. சில வெள்ளத்தில், சில வேறு வழிகளில். தகராறு மறுபடி முளைத்தது. அண்மை ஆண்டுகளில் திரும்பவும் அளந்து திரும்பவும் தூண் நட வேண்டியதாயிற்று.

ஆற்றுக்குள் எல்லைக்கல் நிற்காது. அதனால் கோட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் இரு கரையிலும் வெள்ளம் எட்டாத மேட்டில் ஒவ்வொரு துணைத் தூண் நடுங்கள். இந்தத் தூணிலிருந்து எல்லைப் புள்ளி எத்தனை மீட்டர், எந்தத் திசை என்று தூணிலும் பதிவேட்டிலும் எழுதுங்கள். ஒரு தூண் போனாலும் எதிர்க்கரைத் தூணிலிருந்து புள்ளியைக் கண்டுபிடிக்கலாம். ஆயத்தொலைப் பட்டியலை இரு மாநில அரசிதழிலும் வெளியிடுங்கள். ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டுங்கள். தூண் நடும் நாளில் இரு பக்கத்து ஊர்க்காரர்களும் நேரில் இருக்க வேண்டும், பள்ளிப் பிள்ளைகளும் வந்தால் இன்னும் நல்லது. ஐம்பது ஆண்டு கழித்துச் சாட்சி சொல்லப்போவது அவர்கள்தான்.

வெர்மான்ட்டும் நியூ ஹாம்ப்ஷயரும் இதற்கு ஒரு முறை வைத்திருக்கின்றன. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை இரு மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரிகளும் எல்லைக் கற்களைப் பார்த்துச் சரி என்று பதிவு செய்ய வேண்டும். நம் ஆறுகளுக்கு ஏழு ஆண்டு மிக நீளம். ஒவ்வொரு ஆண்டும் மழை ஓய்ந்து விதைப்புக்கு முன்னால், இரு பக்கத்துத் தாசில்தார்களும் சர்வேயர்களும் சேர்ந்து கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடக்கட்டும். விழுந்த தூண், சாய்ந்த தூண், புதிதாக எழுந்த திட்டு ஆகியவற்றை ஒரே பதிவேட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படி எடுத்துக்கொள்ளட்டும். புதுத் திட்டு எழுந்திருந்தால், அதில் யாராவது முதல் ஏரை ஓட்டுவதற்கு முன்பே அது கோட்டின் எந்தப் பக்கம் என்று அந்த வாரமே இரு ஊரிலும் தண்டோரா போட்டுச் சொல்லிவிடுங்கள்.